ஓட முடியாத பணம்

2023 ஜூன் 29, வியாழக்கிழமை, ஹஜ்ஜுப் பெருநாள். மறுநாள் வெள்ளிக்கிழமையை அரசு விசேட விடுமுறையாக்கியது. பிறகு சனி, ஞாயிறு. திங்கட்கிழமை போயா. இப்படி ஐந்து நாள் இலங்கையின் வங்கிகள் மூடிக் கிடந்தன. அந்த நாட்களுக்குள்ளேயே உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புத் திட்டத்தை அறிவித்து, சனிக்கிழமை நாடாளுமன்றத்தைக் கூட்டி, 122 க்கு 62 என்ற வாக்கில் நிறைவேற்றினார்கள். மக்களின் வங்கி வைப்புகளில் கை வைக்க மாட்டோம் என்று உறுதி கொடுக்கப்பட்டது. வங்கிகள் வைத்திருந்த திறைசேரிப் பிணைமுறிகளையும் தொடவில்லை. ரூபாய்க் கடனில் அவர்கள் தொட்டவை இரண்டுதான். ஒன்று, மத்திய வங்கி அரசுக்குக் கொடுத்திருந்த கடன். மற்றது, உழைக்கிறவர்களின் ஓய்வுகால நிதிகள். அவற்றுள் ஆகப் பெரியது ஊழியர் சேமலாப நிதி, தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் இ.பி.எப். என்று சொல்வது.

அந்த நிதிக்கு இரண்டு வழி காட்டினார்கள். கையிலிருக்கும் பிணைமுறிகளைக் கொடுத்துவிட்டு, 2027 முதல் 2038 வரை முதிர்வடையும் புதிய பிணைமுறிகளை வாங்கிக்கொள்ளலாம். அவற்றுக்கு 2025 வரை 12 வீத வட்டி, அதற்குப் பிறகு முதிர்வு வரை 9 வீதம். வேண்டாம் என்றால், பிணைமுறி வருமானத்துக்கு அதுவரை இருந்த 14 வீத வரி 30 வீதமாகும். இதைத் தெரிவு என்று அழைத்தார்கள். செப்டெம்பரில் 2.6 ட்ரில்லியன் ரூபாய்க்கு மேற்பட்ட சேமலாப நிதிப் பிணைமுறிகள் கைமாறின. நிதியின் பாதுகாவலரான மத்திய வங்கிதான் அரசின் கடனையும் நிருவகித்தது. கடன் வாங்கியவருக்கும் கடன் கொடுத்தவருக்கும் ஒரே பிரதிநிதி இருக்கும் மேசையில் பேரம் என்று எதுவும் நடக்க இடமில்லை.

நூறு ரூபாய் 15 ஆண்டில், 12 வீதக் கூட்டு வட்டியில், 547 ரூபாயாகும். 9 வீதத்தில் 364 ரூபாய். கொழுந்து மலையில் இன்று முப்பத்தைந்து வயதில் நிற்கும் ஒரு பெண்ணின் ஓய்வுகாலம் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிறது. பெண்கள் ஐம்பது வயதிலும் ஆண்கள் ஐம்பத்தைந்து வயதிலும் இந்தக் காசை எடுக்கலாம் என்பது சட்டம்.

இதே காலத்தில் கானாவும் கடனைக் கட்ட முடியாமல் நின்றது. அங்கும் ஓய்வூதிய நிதிகளைக் கடன் பரிமாற்றத்தில் சேர்க்கத்தான் அரசு முதலில் நினைத்தது. தொழிற்சங்கங்கள் ஒன்றாக எழுந்து வேலைநிறுத்த அறிவிப்புக் கொடுத்தன. 2022 டிசம்பர் 22 இல் அரசு இறங்கிவந்து ஓய்வூதிய நிதிகளுக்கு விலக்களித்தது. அடுத்த ஆண்டு அந்த நிதிகளும் ஒரு பரிமாற்றத்துக்கு ஒத்துக்கொண்டன. ஆனால் பேசி, தமக்கு ஏற்ற நிபந்தனைகளை வாங்கிக்கொண்ட பிறகுதான் ஒத்துக்கொண்டன. இலங்கையிலும் சங்கங்கள் எதிர்த்தன, வீதிக்கு வந்தன. நாட்டின் ஆகப் பெரிய தொழிற்சங்க அமைப்புகளில் சில இருப்பது மலையகத்தில். தலவாக்கலையும் ஹட்டனும் பொகவந்தலாவையும் ஒரு நாள் கொழுந்தெடுக்காமல் நின்றிருந்தால் கொழும்பு திரும்பிப் பார்த்திருக்கும். அப்படி ஒரு நாளை நான் அந்த ஆண்டில் காணவில்லை.

ஏன் என்று யோசிக்கும்போது 1958 க்குப் போக வேண்டியிருக்கிறது.

சேமலாப நிதிச் சட்டம் அந்த ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம். பண்டாரநாயக்க அரசில் ரி.பி. இலங்கரத்ன தொழில் அமைச்சராக இருந்தபோது வந்தது. அதற்குப் பத்து வருடத்துக்கு முன்புதான், 1948 இல், குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியிருந்தது. வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லாதவருக்குச் சேமலாப நிதியில் இலக்கம் கிடைத்தது. தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம் என்று இன்றுள்ள கணக்கில், செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் பேர் விழுந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பங்கு கொழும்புக்குப் போகிறது. நிதி அந்தப் பணத்தில் பெரும் பகுதியை அரசின் பிணைமுறிகளில்தான் போட்டு வந்திருக்கிறது. அதாவது தன்னைக் குடிமகளாக ஏற்காத அரசுக்குத் தோட்டத்துப் பெண் கடன் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாடசாலைக்கும் பாதைக்கும் போருக்கும் அதில் பணம் போனது. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்குப் போனவர்கள், தம் சேமலாபப் பணத்தையும் சேவைக்காலப் பணத்தையும் எடுத்துக்கொண்டு போக அனுமதிக்கப்பட்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறியவர்களுக்கு மூன்று தலைமுறை உழைப்பில் மிஞ்சியது பெரும்பாலும் அதுதான்.

ஆகவே மலையகத்துக்கு இந்தக் காசு ஒரு கணக்கு எண் மட்டுமல்ல. தோட்டத்தில் நிலம் தொழிலாளிக்குச் சொந்தமில்லை. லயத்துக் காம்பிராவும் சொந்தமில்லை. ஆயுள் முழுக்க உழைத்தவருக்குத் தன் பெயரில் என்று சட்டம் ஒத்துக்கொள்ளும் சொத்து பெரும்பாலும் இந்த ஒன்றே. மகளின் கல்யாணமும், மகனை மத்திய கிழக்குக்கு அனுப்பிய கடனும், கூரைத் தகரமும் இதிலிருந்துதான் நடக்கும். அது வந்து ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும் என்று குறை சொல்பவர்கள், அதற்கு முந்திய முப்பது வருடம் அந்த வீடு எதை ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தது என்று கேட்பதில்லை.

இனி, அந்தக் கணக்கு ஏன் இவ்வளவு சிறிதாக இருக்கிறது என்ற விஷயம். 2023 இல் நடந்ததை விட இது பழையது. எனக்கு இதுதான் கூடுதலாக வலிக்கிறது.

1992 இல் தோட்டங்களின் நிருவாகம் கம்பனிகளிடம் போனது. அதன் பிறகு சம்பளம் கூட்டு ஒப்பந்தத்தில் தீர்மானமானது. ஒரு பக்கம் முதலாளிமார் சம்மேளனம். மறு பக்கம் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் உட்பட கையெழுத்திடும் சங்கங்கள். 2009 ஒப்பந்தத்தில் நாட் சம்பளம் 405 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அதில் அடிப்படைச் சம்பளம் 285 மட்டும். மீதி 120 ரூபாய் வரவுக் கொடுப்பனவு, விலைப் பங்குக் கொடுப்பனவு என்ற பெயர்களில் வந்தது. 2011 இல் 515, அடிப்படை 380. 2013 இல் 620, அடிப்படை 450. 2016 இல் 730, அடிப்படை 500. சேமலாபம் கணக்கிடப்பட்டது அடிப்படைக்கு மட்டும். 120, 135, 170, 230 என்று ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் வெளியே நிறுத்தப்பட்ட தொகை வளர்ந்துகொண்டே போனது. சம்பள உயர்வு என்று பத்திரிகையில் வந்ததில் எவ்வளவு முதுமைக்குச் சேராமல் போனது என்பதை அந்த வரிசை சொல்கிறது.

2016 ஒப்பந்தத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். வெளியே நின்ற 230 ரூபாய்க்கு 20 வீதம் 46 ரூபாய். மாதம் 25 நாள் பேர் விழுந்து எல்லாக் கொடுப்பனவும் கிடைத்தால், கணக்கில் சேர்ந்திருக்க வேண்டிய 1150 ரூபாய் சேரவில்லை. அதில் தொழிலாளியின் 8 வீதப் பங்கு அவர் கைக்கு வந்து அரிசிக்கும் மாவுக்கும் போயிருக்கும். கம்பனியின் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கான 3 வீதமும் கம்பனியிடமே தங்கின. ஒரு தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 34 ரூபாய் 50 சதம். ஒப்பந்தத்தில் சங்கங்களின் கையெழுத்து இருக்கிறது.

2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடுத்திக் காலிமுகத்திடலில் கூடியபோது அவர்கள் கேட்டது வெறும் ஆயிரம் ரூபாய் அல்ல, அடிப்படைச் சம்பளமாக ஆயிரம் ரூபாய். அந்த ஒரு சொல்லின் கனம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கொழும்பில் கடை வைத்தும் கடையில் நின்றும் படித்தும் வந்த பிள்ளைகள். தாயின் சம்பளச் சீட்டை வாசிக்கக் கற்றவர்கள். 2019 ஒப்பந்தம் அடிப்படையை 700 ஆக்கியது, மொத்தம் 750. கைக்கு வரும் காசில் பெரிய மாற்றமில்லை என்று மலையகம் கோபப்பட்டது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் சேமலாபக் கணக்கைப் பொறுத்தவரை முந்திய பத்தாண்டில் நடந்த ஆக நல்ல காரியம் அதுதான். 2021 இல் சம்பள நிர்ணய சபை நாளுக்கு ஆயிரத்தைக் கட்டாயமாக்கியது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு வெளியேறின. நாளுக்கு எடுக்க வேண்டிய கொழுந்து நிறை கூடியது, வேலை நாள் குறைந்தது. 2024 செப்டெம்பரில் 1350. 2026 க்கான வரவு செலவுத் திட்டம் 1750 என்று அறிவித்தது: கம்பனி தருவது 1550, அரசு தருவது 200. அந்த 200 க்குப் பெயர் மறுபடியும் வரவுக் கொடுப்பனவு. அரசே பணம் போடுவது புதிய விஷயம், அதை வரவேற்கிறேன். ஆனால் 2009 இன் அதே வடிவம் திரும்பி வருவதைப் பார்க்கும்போது பேசாமல் இருக்க முடியவில்லை.

2022 க்கு வருவோம். ஏப்ரல் 12 ஆம் திகதி இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அதற்கு முந்திய ஆண்டின் இரசாயன உரத் தடையால் தேயிலை விளைச்சல் விழுந்து, 2022 இல் சுமார் 25 கோடி கிலோவுடன் நின்றது. கால் நூற்றாண்டில் அவ்வளவு குறைவாக விளைந்ததில்லை. கொழுந்து இல்லையென்றால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் பேர் இல்லை, பேர் இல்லையென்றால் சேமலாபமும் இல்லை. தோட்டப்புறக் குடும்பங்களில் பாதிக்கு மேல் போதிய உணவில்லாமல் இருந்ததாக ஐ.நா. உணவு அமைப்புகள் அந்த ஆண்டு கண்டறிந்தன.

அந்த ஆண்டுக்குச் சேமலாப நிதி கொடுத்த வட்டி 9 வீதம். டிசம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி விலைவாசி ஏற்றம் 57 வீதம். செப்டெம்பரில் அது கிட்டத்தட்ட 70 ஐத் தொட்டிருந்தது. நூறு ரூபாய் இருந்த கணக்கு 109 ஆனது. நூறு ரூபாய்க்கு வாங்கிய சாமான் 157 ஆனது. ஒரே வருடத்தில் அந்தச் சேமிப்பின் வாங்கும் சக்தியில் பத்தில் மூன்று பங்கு போய்விட்டது. அதே காலத்தில் கையில் பணம் இருந்தவர்கள் குறுகிய காலத் திறைசேரி உண்டியல்களில் போட்டு 30 வீதத்துக்கு மேல் வட்டி வாங்கினார்கள். பொதுமக்களின் அந்த உண்டியல்களை மறுசீரமைப்பு தொடவில்லை.

வெளிநாட்டுப் பிணைமுறிக்காரர்கள் இரண்டு வருடத்துக்கு மேல் பேசினார்கள். சட்டத்தரணிகளையும் நிதி ஆலோசகர்களையும் வைத்துப் பேசி, முதல் தொகையில் 27 வீதத்தை விட்டுக்கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். 2024 டிசம்பரில் பரிமாற்றம் முடிந்தது. அவர்கள் பெற்ற புதிய பிணைமுறிகளில் ஒரு பகுதி நாட்டின் பொருளாதாரத்தோடு கட்டப்பட்டவை: இலங்கை எதிர்பார்த்ததை விட நன்றாக மீண்டால் அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும். தொழிலாளியின் சேமிப்பும் இதே அரசுக்குக் கொடுத்த கடன். அவளுக்கு அப்படி ஒரு வாசகம் எழுதப்படவில்லை. நாடு மீண்டாலும் அவளுடைய நிதியின் பிணைமுறிகளுக்கு 2025 க்குப் பிறகு 9 வீதம்தான். ஓடிப்போகக்கூடிய பணத்தோடு பேசினார்கள். ஓட முடியாத பணத்துக்கு உத்தரவு போட்டார்கள். என் கோபமெல்லாம் இந்த இடத்தில் இருக்கிறது.

அரசின் பக்க வாதத்தை நான் ஒதுக்கவில்லை. வங்கிகள் சரிந்திருந்தால் ஏழையின் சேமிப்புப் புத்தகமும் சேர்ந்து போயிருக்கும் என்றார்கள். அது உண்மை. 2023 க்கு நிதி 13 வீதமும் 2024 க்கு 11 வீதமும் கொடுத்தது. விலைவாசி ஏற்றம் அதற்குள் இறங்கிவிட்டது, 2024 செப்டெம்பரில் பூச்சியத்துக்கும் கீழே போனது. அதுவும் உண்மை. ஆனால் ஏற்ற வேகம் தணிந்ததே தவிர, 2022 இல் ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. அந்த ஆண்டில் கரைந்ததை யாரும் திருப்பி நிரப்பவும் இல்லை. 2022 இலும் 2023 இலும் ஐம்பது வயதாகி மலையை விட்டு இறங்கிய பெண்ணுக்குப் பின்னால் வந்த 13 வீதத்தால் என்ன பயன்?

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். என் ஓய்வூதியத்தை அரசு வரவு செலவிலிருந்து கொடுக்கிறது. நாடு வங்குரோத்தான மாதத்திலும் அது வங்கிக்கு வந்தது. 2023 ஜூலை 1 இல் மறுசீரமைப்புக்கு ஆதரவாக வாக்களித்த நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் 1977 இன் சட்டப்படி ஐந்தாண்டுச் சேவைக்கு ஓய்வூதிய உரிமை இருந்தது. என்னைப் படிக்கவைத்த தாய் கொழுந்தெடுத்தவர். அவருக்குக் கிடைத்தது ஒரு தடவைக் காசு. அரச ஊழியரின் ஓய்வூதியத்தைக் குறைக்க வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. முதுமையில் மாதாமாதம் வரும் சிறு தொகை மனிதரை எப்படி நிமிர்த்தி வைக்கிறது என்று அனுபவத்தில் அறிந்தவன் நான். அது என் தாய்க்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு. 2011 இல் தனியார் துறைக்கு ஓர் ஓய்வூதியச் சட்டமூலம் வந்தது. தொழிலாளரிடம் கேட்காமல், அவர்கள் நம்பாத நிபந்தனைகளோடு வந்தது. கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில் மே 30 இல் எதிர்ப்பு வெடித்து, பொலிஸ் சுட்டதில் ரொஷேன் சானக்க என்ற இளைஞர் உயிரிழந்தார். சட்டமூலம் வாபஸ் பெறப்பட்டது. 

ஓய்வு என்று சொல்கிறோம், ஆனால் நுவரெலியாவின் எந்த மலையிலும் நரைத்த தலைகள் கொழுந்தெடுப்பதைப் பார்க்கலாம். கைக்காசு வேலை. கிலோவுக்கு இவ்வளவு என்று கையில் தருவார்கள். சேமலாபம் இல்லை, சேவைக்காலம் இல்லை. இப்போது இளையவர்களுக்கும் அதே நிலை வருகிறது: தேயிலைக் காணியைத் துண்டாக்கிக் குடும்பத்திடம் கொடுத்து, பராமரித்துக் கொழுந்தை எங்களுக்கே தா என்கின்றன கம்பனிகள். வருமானம் கூடுகிறது என்று சிலர் சொல்கிறார்கள்; கூடலாம். ஆனால் அவர் தொழிலாளி என்ற கணக்கிலிருந்து வெளியேறுகிறார். 1992 இல் கம்பனித் தோட்டங்களில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பதிவில் இருந்தார்கள். இன்று ஒன்றரை லட்சம்கூட இல்லை. அரசின் கையில் மிஞ்சிய ஜனவசமவும் பெருந்தோட்ட யாக்கமும் நிருவகித்த தோட்டங்களிலோ, பிடித்த சேமலாபத்தையே கட்டாமல் வருடக்கணக்கில் நிலுவை வைத்தார்கள். முதலாளி அரசாக இருக்கும்போது சட்டத்தை யார் அமல்படுத்துவது?

இவ்வளவையும் தாண்டிக் காசு வரும் நாளில் பெயர் குறுக்கே நிற்கிறது. செக்ரோலில் கணக்கப்பிள்ளை எழுதியது ஒன்று, பிறப்புச் சான்றில் பதிவாளர் எழுதியது ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று. ஒரு தொழில் அலுவலகத்தின் வாங்கில் உட்கார்ந்திருந்த மூதாட்டி ஒருவர் என்னிடம் சொன்னார்: “இத்தன வருசமா பேரு போட்டாங்க தம்பி, ஒரு நாளும் நான் இல்லன்னு யாரும் சொல்லல. காசு கேக்கத்தான் நான் வேற ஆளாயிட்டேன்.” சத்தியக்கடதாசிக்கு ஒரு செலவு, பஸ்ஸுக்கு ஒரு செலவு. காசு கேட்கும் கே படிவத்தை நிரப்பிக் கொடுப்பவருக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும். பதிவைத் திருத்தி வைக்க வேண்டியது நிருவாகத்தின் பொறுப்பு. அதன் செலவை ஐம்பது வயதுத் தொழிலாளியின் தலையில் ஏற்றுவது அநீதி.

சீர்திருத்தத்தைப் பற்றி அரசு பேசட்டும். பேசும்போது சிறிய கணக்குகளிலிருந்து தொடங்கட்டும். வெளிநாட்டுக் கடன்காரருக்குக் கொடுத்ததைப் போல, பொருளாதாரம் மீண்டால் கூடும் ஒரு பங்கைச் சேமலாப நிதியின் பிணைமுறிகளுக்கும் எழுதித் தரட்டும். 2022 இலும் 2023 இலும் காசெடுத்தவர்களுக்கு ஓர் ஈடு கொடுக்கட்டும். எழுபது வயது தாண்டிய வறியவர்களுக்கு முதியோர் கொடுப்பனவு இப்போது மாதம் 5000 ரூபாய். ஐம்பதில் மலையிலிருந்து இறங்கும் பெண் அதற்கு இருபது வருடம் காத்திருக்க வேண்டும்.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சந்தா அதே செக்ரோலிலிருந்துதான் பிடிக்கப்படுகிறது. அடுத்த தடவை சம்பளப் பேச்சுக்கு உட்காரும்போது, எத்தனை ரூபாய் என்பதற்கு முன், முழுத் தொகைக்கும் சேமலாபம் என்று எழுதி வாங்குங்கள். கொழும்பிலும் கண்டியிலும் வேலை செய்யும் மலையகப் பிள்ளைகளே, அடுத்த லீவில் வீட்டுக்குப் போகும்போது அம்மாவின் சேமலாப நிதி பி அட்டையையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம் இருந்தாலும் அவர் வேலையில் இருக்கும்போதே திருத்திவிடுங்கள். கணக்குச் சீட்டை வாங்கி, பேர் விழுந்த மாதத்துக்கெல்லாம் காசு விழுந்திருக்கிறதா என்று மாதம் மாதமாகச் சரிபாருங்கள். விழாத மாதம் இருந்தால் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.